கழித்தது போக ஐம்பத்தொன்று

என் அக்காவின் துக்கத்தில் இருந்து முப்பத்தேழைக் கழித்துவிட்டார்கள்.

கழித்தது மில் வாசலில் நிற்கிற முடிமானி. அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றால் பிடரிப் பக்கம் பத்துப் பதினைந்து முடியைத் தோலோடு ஒட்ட வெட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். மனசு நொந்துகிடக்கும்போது உடம்பில் ஊறுகிற கார்ட்டிசால் என்ற சுரப்பு, அந்த நேரத்தில் வளர்கிற முடிக்குள்ளேயே தங்கிவிடும். வேரை ஒட்டிய முதல் சென்டிமீட்டர் போன மாதம். அடுத்தது அதற்கு முந்தின மாதம். நாம் மறந்தது, மறைத்தது, சிரித்து மழுப்பியது எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடைசி ஆறு மாதத்தைப் படித்துவிட்டு முடிமானி ஒரே எண்ணாகச் சொல்லும். எழுபதைத் தாண்டினால் சட்டப்படி மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு, அரசு மருத்துவமனையில் சிகிச்சை. தாண்டாவிட்டால் ஷிஃப்டுக்குப் போக வேண்டியதுதான். மருத்துவமனையிலும் அந்த எண்ணைக் காட்டினால்தான் சீட்டே போடுவார்கள்.

அக்காவுக்கு வந்தது எண்பத்தெட்டு.

திரையில் அது ஒரு கணம்தான் நின்றதாம். பிறகு 'பின்னணித் திருத்தம்' என்று ஒரு வட்டம் சுற்றியிருக்கிறது. வட்டம் நின்றபோது ஐம்பத்தொன்று. பச்சை நிறத்தில், 'இயல்பு நிலை. பணிக்குத் திரும்பலாம்.'

"எண்பத்தெட்டு வாங்கியும் உங்கக்கா ஃபெயிலாடி?" என்று அம்மா போனில் கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அக்கா பெயர் பூங்கோதை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் செக்‌ஷன். ஏழாம் மாதத்தில், நின்றுகொண்டே வேலை பார்த்த ஒரு ஷிஃப்டின் முடிவில், வயிற்றில் இருந்த பிள்ளை தவறிப்போனது. ரத்தம் நின்ற கொஞ்ச நாளிலேயே மில்லில் இருந்து ஆள் வந்தது. போனாள். போய், ஓடுகிற மெஷினுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து மெஷின் நூர்நிஷா அக்காதான் பிடித்து இழுத்திருக்கிறார். ஏன்டி என்று கேட்டதற்கு, "சும்மா பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாளாம். அதோடு பேச்சு நின்றுபோனது. அம்மா ஊட்டினால் சாப்பிடுவாள். சடையை அவிழ்க்க விடமாட்டாள்.

அந்த மெஷினுக்குத்தான் திங்கட்கிழமை திரும்பி வரச் சொன்னார்கள். வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

முப்பத்தேழைக் கழிக்கிற அந்தக் கணக்குக்கு உலகம் பூராவும் வசுந்தரா திருத்தம் என்று பெயர். பேராசிரியர் டாக்டர் வசுந்தரா சேஷாத்ரி, மனநல மருத்துவர். சென்னையில் எங்கள் ஆய்வு நிலையத்தின் தலைவர். என் ஆராய்ச்சிக்கு கைடு.

எங்கள் நிலையத்தின் முகப்பில், சாமி படம் மாட்டுகிற உயரத்தில் ஒரு திரை உண்டு. உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது மேடத்தின் கட்டுரையை மேற்கோள் காட்டினால் அதில் ஓர் எண் கூடும். செக்யூரிட்டி தங்கராசு அண்ணன் அதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். "காலையில இருந்து நல்ல ஆட்டம், பாப்பா. பிரேசில்காரன் ஆரம்பிச்சு வச்சான், சீனாக்காரன் வெளுக்குறான்." வெள்ளிக்கிழமைக்குள் அது ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிடும் என்று விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மனச்சோர்வு பற்றிய ஆராய்ச்சியில் அவ்வளவு தூரம் போன இந்தியர் வேறு யாரும் இல்லை.

மேடத்தைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். முடிமானி வந்த புதிதில் குடிசைப்பகுதி ஜனங்கள் எல்லாருக்கும் எண் எகிறியது. ஒரு பேட்டை முழுக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்து நின்றவர் மேடம். 'இவர்கள் நோயாளிகள் அல்ல, இவர்கள் உடம்பு தாங்கப் பழகிய உடம்பு' என்று எழுதினார். அந்தக் கட்டுரைதான் 'தாங்கும் உடல்'. வசதியானவர்கள் அ பிரிவு, மற்றவர்கள் ஆ பிரிவு. அ பிரிவை நோயில் தள்ளுகிற அளவு ஆ பிரிவுக்கு வெறும் அன்றாடம். ஆகவே ஆ பிரிவில் யாருக்கு எண் வந்தாலும் அந்த அன்றாடத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

யார் எந்தப் பிரிவு என்பதைப் பின்கோடு, தொழில், வீட்டில் படித்தவர் உண்டா என்று பார்த்து முடிமானியே முடிவு செய்யும். நான் ஆ. அதற்கு அத்தாட்சி என்னுடைய முதல் பட்டதாரிச் சான்றிதழ். கல்லூரியில் ஃபீஸைக் குறைத்த அதே காகிதம் என் துக்கத்தையும் குறைத்துவிட்டது.

அக்காவின் எண்ணைக் கேட்டபிறகு 'தாங்கும் உடலை' மறுபடி எடுத்தேன். தேர்வுக்காக அதை மனப்பாடமே செய்தவள் நான். மாதிரிகளைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி. அ பிரிவுக்கு நகரத்து சலூன்களில் வெட்டிய முடி. ஆ பிரிவுக்கு, 'ஒரு வழிபாட்டுத் தலத்தில் தாமாக முடி அளித்த நலமான பெரியவர்கள்'.

தாமாக முடி அளித்த.

எத்தனை தடவை இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஐம்பதாயிரம் பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். மாதிரிகளை வைத்திருக்கிற குளிர் அறைக்குப் போய், ஆ பிரிவின் பழைய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தேன். நீள நீளமான முடி. நுனியில் இருந்து வேர் வரை முழுசாக. நுண்ணோக்கியில் வைத்தால் அடி சரிவாக, வழவழவென்று இருந்தது. கத்திரி வெட்டு அப்படி இருக்காது. சவரக்கத்தி. ஒரு கற்றையில் பூக்கட்டுகிற நார்கூட ஒட்டியிருந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆகி வந்தப்ப நாம மூணு பேரும் மலைக்குப் போயி மொட்டை போட்டோமே."

"ஆமா. நீகூட ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கன்னு மூக்கைச் சிந்திக்கிட்டே வந்த."

"அன்னைக்கு அந்த மண்டபத்துல யாராச்சும் உன்கிட்ட வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"இது என்னடி கேள்வி. நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

"நல்லாவா இருந்த?"

"சாமிக்கு நேந்துகிட்டதை முடிச்சுட்டு, சாமி வாசல்லயே உக்காந்துகிட்டு யாராச்சும் குறை சொல்லுவாங்களா? சாமி கோவிச்சுக்காதா? அதுவுமில்லாம அன்னைக்கு நெசமாவே நல்லாத்தான்டி இருந்துச்சு. உங்கப்பா பொழைச்சு வந்துட்டாருல்ல."

"அதுக்கு முந்தின வருசம்?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அதை ஏன் இப்ப கேக்குற," என்றாள்.

எனக்கு அது போதும். மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காரு, சுடர்." என் பெயர் சுடர்க்கொடி. பாதியோடு நிறுத்திக்கொள்வார். "அக்கா விஷயம் கேள்விப்பட்டேன்ம்மா. ஐ'ம் ஸோ ஸாரி. என் ஹஸ்பண்ட் போனப்ப எனக்கே எழுபத்தி மூணு வந்தது. மூணு மாசம் எழுந்திருக்கவே முடியல. அந்த லீவ் மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல."

"உங்களுக்கு எவ்வளவு கழிச்சாங்க மேடம்?"

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "அ பிரிவுக்குத் திருத்தம் பூஜ்யம். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்கக்காவுக்கு எண்பத்தெட்டு. முப்பத்தேழு போயிடுச்சு."

"அவங்க பேஸ்லைன் வேற, சுடர். அவங்க உடம்பு—"

"அந்த பேஸ்லைன் எங்க இருந்து வந்துச்சு மேடம்? மொட்டை மண்டபத்துல இருந்துதான?"

"ஆமா. அதுல என்ன ரகசியம்? கட்டுரையிலயே இருக்கே." அவருக்கு உண்மையிலேயே என் கோபம் விளங்கவில்லை. "ரொம்ப யோசிச்சுத்தான் அங்க போனோம். எல்லா ஜாதியும் வராங்க, எல்லா ஊரும் வராங்க, ஆணும் பெண்ணும் வராங்க. அதைவிட நல்ல ரேண்டம் சாம்பிள் இந்த நாட்டுல எங்க கிடைக்கும்?"

"எதுக்கு வராங்க மேடம்?"

"வேண்டுதல்."

"எப்ப வேண்டிக்குவாங்க?"

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"புருசன் சாகக் கிடந்தா வேண்டிக்குவாங்க. பிள்ளைக்கு வலிப்பு வந்தா வேண்டிக்குவாங்க. பையனை போலீஸ் தூக்கிட்டுப் போனா வேண்டிக்குவாங்க. நீங்க போயி ஊர்லயே ரொம்ப மோசமான வருசத்தைக் கடந்து வந்த தலையா பாத்துப் பாத்து அறுத்துட்டு வந்து, இதுதான் இவங்களோட சாதாரணம்னு எழுதியிருக்கீங்க."

"நிறைவேறினப்புறம்தானே வராங்க? நாங்க ஒவ்வொருத்தரையும் கேட்டோம், சுடர். எப்படி இருக்கீங்கன்னு கேட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. உடம்புல அவ்வளவு அழுத்தம், முகத்துல சிரிப்பு. அதுதான் என்னை உலுக்கினது. அதுதான் அந்தப் பேப்பரே."

"வாய் அன்னைய நாளைச் சொல்லுச்சு மேடம். முடி போன வருசத்தைச் சொல்லுச்சு. ரெண்டையும் ஒரே நாள்னு வச்சுக் கோத்துட்டீங்க. அவங்க தாங்கல. அவங்க கஷ்டம் முடிஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவுதான்."

மேடம் மேசையில் இருந்த அழைப்பிதழைத் திருப்பி வைத்தார். மறுபடி நேராக வைத்தார். அறிவாளிக்கு ஒரு தவறு புரிகிற கணத்தை நான் அதற்குமுன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. கன்னத்தில் இருந்து நிறம் இறங்கியது.

பிறகு அவர் தலைவராகிவிட்டார்.

"இதை நிதானமா பாக்கணும்," என்றார். "ஒரு கமிட்டி போட்டு, புதுசா சாம்பிள் எடுத்து... ரெண்டு வருஷம் ஆகும். பதினேழு நாட்டுல சட்டமா இருக்கு இது. நாளைக்கே தப்புன்னு சொன்னா நாளன்னைக்கு எல்லா முதலாளியும் முடிமானியையே தூக்கி எறிஞ்சிடுவான். அப்ப யாருக்குமே லீவ் கிடையாது. அதை யோசிச்சியா?"

"அந்த ரெண்டு வருசம் எங்கக்கா என்ன செய்யணும்?"

"உன் அக்காவுக்கு நான் லெட்டர் தரேன். ஸ்பெஷல் கேஸ், திருத்தம் வேண்டாம்னு என் கைப்பட. வெள்ளிக்கிழமை ஃபங்ஷன் முடிஞ்சதும் வாங்கிக்கோ." குரலைத் தாழ்த்தினார். "நீதான் நன்றியுரை. ஞாபகம் இருக்கில்ல?"

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும் என்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். "லெட்டர்ல என்ன எழுதுவீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"இவங்க ஆ பிரிவுல ஒரு விதிவிலக்கு, இவங்களால தாங்க முடியலைன்னு."

அதாவது நூர்நிஷா அக்கா தாங்குவார். அந்த செக்‌ஷனில் நிற்கிற எல்லாரும் தாங்குவார்கள். என் அக்கா மட்டும் மட்டமான சரக்கு. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் நிலையத்தில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை எனக்குத்தான். தமிழ் நன்றாக வரும் என்பார்கள். காரணம் அதுவல்ல. 'எங்கள் முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று கைகாட்ட ஒரு ஆள் வேண்டும். மேடைக்கு மேலே வைத்திருந்த திரையில் எண் ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அமைச்சர் பேசினார். வெளிநாட்டில் இருந்து வந்தவர் பேசினார். கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது பாதிப்பேர் டிபன் பாக்கெட் இருக்கிற பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நன்றியுரையை யார் கேட்கிறார்கள்?

"என் முதல் நன்றி, முடி கொடுத்தவர்களுக்கு," என்றேன். "அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியும்."

சொன்னேன். மண்டபம், வேண்டுதல், முந்தின வருசம், சிரிப்பு. நீட்டவில்லை. டிபன் பக்கம் பார்த்த தலைகள் திரும்பின. முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். மேடம் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருடமாக எங்களிடம் கழித்த எல்லாவற்றையும்" என்று நான் ஆரம்பித்தபோது துணைத்தலைவர் ஓரமாக நின்ற ஒலிபெருக்கிக்காரருக்குச் சைகை காட்டினார்.

நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். அசையாமல், நேராக, முழுசாக நின்றேன். முடிந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

"கழித்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள்," என்றேன். "நன்றி. வணக்கம்."

மறுநாள் என் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. உதவித்தொகை 'பரிசீலனையில்' இருந்தது. தங்கராசு அண்ணன் என் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். "உன் பேச்சு எங்கெல்லாமோ ஓடுதாம், பாப்பா. மேடத்தைத் திட்டி எழுதுறாங்களாம்." திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஸ்கோர் மட்டும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. அது எப்படி?"

"திட்டி எழுதினாலும் கணக்குல சேரும்ண்ணே."

"நல்ல ஆட்டம்," என்றார் அவர்.

வீட்டில் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டுத்தான் பேசினாள். "அந்த லெட்டரை வாங்கிட்டு வந்து அதுக்கப்புறம் பேசியிருக்கலாம்லடி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்கக்கா ஆசுபத்திரியில இருந்திருப்பா. இப்ப திங்கட்கிழமை அந்த மெஷினுகிட்ட யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"எழுதிக் குடுத்தா மட்டும் அது என்ன லெட்டரும்மா? இவ மட்டும் லாயக்கில்லாதவன்னு—"

"லாயக்கில்லாதவன்னே எழுதட்டும். உசுரோட இருப்பால்ல."

கீழே கிடந்த முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். அவள் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சடை திரித்த கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கிறாளா இல்லையா என்று தெரியாமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய முடியின் வரைபடத்தை நான் பார்த்திருந்தேன். வேரில் இருந்து மூன்றாவது சென்டிமீட்டரில் கோடு செங்குத்தாக ஏறும். அந்த மாதத்தை மெஷின் சரியாகவே படித்திருந்தது. "உனக்கு நடந்தது அதுக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கழிக்குது."

அக்காவின் தலை லேசாக அசைந்தது.

"முடி இல்லாட்டி?" என்றாள்.

கேட்டு எத்தனையோ நாளான குரல். அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"முடியே இல்லாட்டி... அது எதைப் படிக்கும்?"

எனக்கு ஒரு நொடி ஓடவில்லை. அப்புறம் ஓடியது. நடைமுறை விதிகளில் இருபத்தோராம் பிரிவு. புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்காக எழுதியது. 'முடி மாதிரி கிடைக்காதபோது, மனநல மருத்துவர் ஒருவர் நேரில் வந்து பேசிப் பார்த்து முடிவு சொல்லும்வரை, அவரைப் பணிக்கு அனுப்பக் கூடாது.' பேச்சில் கண்டதற்குத் திருத்தம் கிடையாது. கழிக்க அங்கே எண்ணே இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பிரிவை எழுதியதும் வசுந்தரா மேடம்தான். அவர் எழுதியதிலேயே உருப்படியான வரி அது. அதை யாரும் மேற்கோள் காட்டியதே இல்லை.

"சாமி காரியம் இல்லாம கட்டிக்குடுத்த பொண்ணு மொட்டை அடிக்கிறதாடி?" என்று அம்மா முனகினாள். முனகிக்கொண்டே அப்பாவின் சவரக்கத்தியில் புது பிளேடு மாட்டினாள். பம்பு அடியில் உட்காரவைத்துத் தலையை நனைத்து, அவளேதான் மழித்தாள். சடை அவிழாமலே மொத்தமாகக் கையோடு வந்தது. அக்கா தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"காத்து படுது," என்றாள்.

திங்கட்கிழமை நானும் அவளும் மில் வாசலுக்குப் போனோம். முடிமானி அவள் பிடரியில் தடவித் தடவிப் பார்த்தது. 'மாதிரி இல்லை' என்றது. கதவு பூட்டிக்கொண்டது. லேபர் ஆபீசர் சிவநேசன் வெளியே வந்து மெஷினைத் தட்டினார், அக்கா தலையைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைக் கேட்டார். நான் பக்கத்தைச் சொன்னேன்.

"சரி, டாக்டரை வரச்சொல்றேன்," என்று போனை எடுத்தவர் பத்து நிமிடம் கழித்து, "மாவட்டத்துலயே மனநல டாக்டர் கிடையாதாம்," என்றார். முடிமானி வந்ததும் அந்த வேலையிடங்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்தோம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பெண்கள் ஜன்னல் வழியாக அக்காவின் தலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நூர்நிஷா அக்கா இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

மறுநாள் காலை நான்கு மொட்டை. நான்கு பேருக்கும் முடிமானி 'மாதிரி இல்லை' என்றது. முதலில் நின்றது நூர்நிஷா அக்கா.

"உனக்கு எதுக்கும்மா மொட்டை?" என்றார் சிவநேசன்.

"வேண்டுதல் சார்."

"நீ எந்தச் சாமிக்கு வேண்டுன?"

"டாக்டர் வரணும்னு வேண்டிக்கிட்டோம். எந்தச் சாமி அனுப்பினாலும் சரி."

அதற்கடுத்த நாள் கோன் வைண்டிங் பூராவும். வெயிலில் வரிசையாக வழுக்கைத் தலைகள், துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு. கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரு பெண்கூட இருந்தாள். "மாப்பிள்ளை என்னடி சொன்னாரு?" என்று ஒருத்தி கேட்க, "அவருக்கும் அங்கங்க இல்லைல்ல, என்னத்த சொல்லுவாரு" என்றாள். மெஷின்கள் நின்றன. உள்ளே இருந்து சத்தம் வராத அந்த மில்லை நான் முதல்முறையாகக் கேட்டேன். பக்கத்து மில்லிலும் சலூன்காரர் வந்து போனதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சென்னையில் இருந்து ஒரு கார் வந்தது. அனுப்ப வேறு ஆள் இல்லையா, இல்லை அவராகவே கேட்டு வந்தாரா, எனக்குத் தெரியாது. வசுந்தரா மேடம் இறங்கினார். வரிசையை ஒரு கோடியில் இருந்து மறுகோடிவரை பார்த்தார். இருபது வருடத்துக்கு முன்னால் அவர் அந்த மண்டபத்தில் பார்த்த தலைகள். அன்றைக்குச் சிரித்த தலைகள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ சொல்லிக்குடுத்தியா, சுடர்?"

"இல்ல மேடம். அக்கா கேட்டா. பதில் நீங்க எழுதி வச்சிருந்தீங்க. இருபத்தொண்ணு."

அவர் உதடு ஒருமாதிரி கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மேடம் உட்காரவில்லை. இவ்வளவு பேரைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற அவசரமோ என்னவோ, கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே, அன்றைக்கு மண்டபத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா..." என்றாள் அக்கா.

வாய்ப்பழக்கம். யார் கேட்டாலும் எங்களுக்கு அதுதான் முதலில் வரும். வரிசையில் நூர்நிஷா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மேடத்தின் விரல் டேப்லெட்டின் மேல் காத்திருந்தது.

அக்கா தன் மொட்டைத் தலையில் ஒரு தரம் கையை வைத்தாள். பிறகு எதிரில் இருந்த காலி நாற்காலியைக் காலால் மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா இல்லை," என்றாள். "உக்காருங்க டாக்டர். நேரம் ஆகும்."